புதுப்பித்த பழைய டூ-ஸ்ட்ரோக் பைக்கை விற்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாட்டுக்கொட்டகையில் கிடந்த யெஸ்டியையோ, காயலான் கடைக்குப் போக இருந்த ராஜ்தூத்தையோ இழுத்து வந்து உயிர் கொடுத்தாகிவிட்டது. ஓட்டியும் பார்த்தாகிவிட்டது. இடம் இல்லை, பணம் தேவை, அடுத்த வண்டி கண்ணில் பட்டுவிட்டது என்று ஏதோ ஒரு காரணத்தால் இப்போது விற்க வேண்டும். அந்த நிலையில் இருப்பவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகள் இவை. ஜாவா, யெஸ்டி, யமஹா ஆர்எக்ஸ் 100, ராஜ்தூத் 350 வண்டிகளை மனத்தில் வைத்து, தமிழ்நாட்டில் விற்பவர்களுக்காக எழுதியது. புல்லட்டுக்கும் பாதிக்கு மேல் பொருந்தும்.

நான் போட்ட காசு முழுதாகத் திரும்புமா?

அநேகமாகத் திரும்பாது. வண்டி வாங்கியது இவ்வளவு, இன்ஜின் வேலை இவ்வளவு, பெயின்டிங் இவ்வளவு, குரோம் இவ்வளவு என்று நோட்டில் கூட்டி, அதற்கு மேல் கொஞ்சம் வைத்து விலை சொல்பவர்கள்தான் மாதக்கணக்கில் வண்டியைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். வாங்க வருகிறவர் உங்கள் நோட்டைப் பார்ப்பதில்லை. அதே மாடல், அதே நிலையில் வேறு எங்கே என்ன விலைக்குக் கிடைக்கிறது என்றுதான் பார்ப்பார். உங்கள் ஞாயிற்றுக்கிழமைகளுக்கு அவர் காசு தரமாட்டார்.

ஆனால் ஒன்று. ஒரே மாதிரி பளபளக்கும் இரண்டு யெஸ்டிகளில் ஒன்று நல்ல விலைக்கும் மற்றது அடிமாட்டு விலைக்கும் போவதைப் பார்க்கிறோம். வித்தியாசம் பெரும்பாலும் பெயின்டில் இருப்பதில்லை. ஒன்றுக்குப் பேப்பர் சுத்தமாக இருக்கும்; இன்ஜினுக்குள் என்ன செய்தார்கள் என்பதற்கு பில்லும் போட்டோவும் இருக்கும். மற்றதற்கு வாய் வார்த்தை மட்டும்தான். கீழே உள்ள பதில்களில் பாதி இந்த ஒரு விஷயத்தைத்தான் சுற்றி வரும்.

எந்த வண்டிக்கு இப்போது மவுசு அதிகம்?

ஆர்எக்ஸ் 100-க்குத்தான் கூட்டம். 1985 முதல் 1996 வரை வந்த வண்டி. 98 சிசி, 11 குதிரைத்திறன், எடை நூறு கிலோவைச் சற்றே தாண்டும். நன்றாகப் புதுப்பித்த ஆர்எக்ஸ் லட்சத்தைத் தாண்டிப் போவது இன்று சாதாரணம். தொடக்க காலத்து வண்டிகள் ஜப்பானிலிருந்து பாகங்களாக வந்து இங்கே கோத்தவை என்பதால், அந்த வருடங்களின் ஆர்.சி. இருந்தால் தனி மதிப்பு.

ராஜ்தூத் 350-க்கு ஆள் குறைவு, பணம் அதிகம். எஸ்கார்ட்ஸ் நிறுவனம் 1983-ல் கொண்டுவந்த 347 சிசி இரட்டை சிலிண்டர் வண்டி அது. முதலில் வந்த 'ஹை டார்க்' வகைக்கு 30.5 குதிரைத்திறன், பின்னால் மைலேஜுக்காகக் குறைத்த 'லோ டார்க்' வகைக்கு 27. வாங்க வருகிறவர் முதலில் கேட்பதே இதைத்தான். உங்களுடையது எது என்று தெரியாமல் விளம்பரம் போடாதீர்கள். தெரியாதவர் கையில் ராஜ்தூத் இருக்கிறது என்று தெரிந்தால் அதற்கென்றே வருகிற வியாபாரிகள் உண்டு.

ஜாவாவும் யெஸ்டியும் மைசூரு ஐடியல் ஜாவா தொழிற்சாலையில் பிறந்தவை. 1960-களில் ஜாவா என்ற பெயரில் வந்தவை, 1973 முதல் யெஸ்டி ஆயின. 1996-ல் தொழிற்சாலை மூடப்பட்டது. பழைய 'ஏ டைப்' ஜாவாவுக்கு ஒரு விலை, யெஸ்டி ரோட்கிங்குக்கு ஒரு விலை. விளம்பரத்தில் வருடத்தை மறக்காமல் போடுங்கள். 2018-ல் ஜாவாவும் 2022-ல் யெஸ்டியும் புது நிறுவனத்தின் கீழ் மறுபடி வந்துவிட்டதால், 'யெஸ்டி விற்பனைக்கு' என்று மட்டும் போட்டால் புது வண்டி தேடுகிறவர்கள் எல்லாம் போன் செய்து உயிரை எடுப்பார்கள்.

ஆர்.சி. காலாவதியாகிவிட்டது. அப்படியே விற்கலாமா, புதுப்பித்துவிட்டு விற்க வேண்டுமா?

முடிந்தால் புதுப்பித்துவிட்டு விற்றுவிடுங்கள். சொந்தப் பயன்பாட்டு வண்டியின் பதிவு முதலில் 15 ஆண்டு. அதன் பிறகு 5 ஆண்டுக்கு ஒருமுறை படிவம் 25 கொடுத்து, வண்டியை மோட்டார் வாகன ஆய்வாளரிடம் காட்டிப் புதுப்பிக்க வேண்டும். இதைத்தான் ஊரில் 'எஃப்.சி. பார்ப்பது' என்கிறோம். 20 ஆண்டைத் தாண்டிய பைக்குக்கான புதுப்பிப்புக் கட்டணம் 2025-ல் 2,000 ரூபாய் ஆனது. இதோடு பசுமை வரி, இன்சூரன்ஸ், புகைச் சான்று எல்லாம் சேரும். பல வருடம் விட்டுவிட்டால் தாமதக் கட்டணமும் ஏறிக்கொண்டே போகும்.

இதையெல்லாம் வாங்குகிறவர் தலையில் கட்டலாம்தான். ஆனால் அவர் அந்தச் செலவைப் போல இரண்டு மடங்கைப் பேரத்தில் கழிப்பார். 'ஆர்.டி.ஓ. ஆபீஸுக்கு அலைய வேண்டும்' என்ற பயத்துக்கான விலை அது.

பழைய மூன்றெழுத்துப் பதிவு எண் உள்ள வண்டியாக இருந்தால் இன்னொரு சிக்கல். பழைய பதிவேட்டில் இருக்கும், கம்ப்யூட்டரில் இருக்காது. அரசின் பரிவாஹன் தளத்தில் எண்ணைத் தட்டினால் 'விவரம் இல்லை' என்று வரும். எந்த அலுவலகத்தில் பதிவானதோ அங்கே ஆர்.சி. புத்தகத்தோடு போய், பழைய விவரத்தைக் கணினியில் ஏற்றச் சொல்லி எழுதிக்கொடுக்க வேண்டும். வண்டியைப் பிரித்துப் போட்டிருக்கும் மாதங்களிலேயே இந்த வேலையைத் தொடங்கிவிடுவது நல்லது. பெயின்ட் காய்வதற்கு முன் பேப்பர் வந்துவிட்டால் அது உங்கள் அதிர்ஷ்டம்.

ஆர்.சி. அப்பா பெயரில் இருக்கிறது. அவர் இப்போது இல்லை.

முதலில் வாரிசு பெயருக்கு மாற்றுங்கள். படிவம் 31, இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, மற்ற வாரிசுகளின் சம்மதக் கடிதம். அண்ணன் தம்பி, அக்கா தங்கை எல்லாரும் கையெழுத்துப் போட வேண்டியிருக்கும் என்பதால், விலை பேசிய பிறகு இதை ஆரம்பித்தால் வீட்டிலேயே பஞ்சாயத்து வரும். போலீஸ் ஏலத்தில் எடுத்த வண்டி என்றால் படிவம் 32-ம் ஏல உத்தரவும் வேண்டும்.

ஆர்.சி.யே இல்லாத வண்டி?

தொலைந்துபோனது என்றால், பதிவு எண் தெரிந்து, பதிவேட்டில் உரிமையாளர் பெயரும் இருந்தால், அந்த உரிமையாளர் மூலமாக நகல் வாங்கலாம். எண்ணும் தெரியாது, யாருடையது என்றும் தெரியாது என்றால் அது வண்டி அல்ல, உதிரி பாகம். அப்படிச் சொல்லித்தான் விற்க வேண்டும். 'பேப்பர் வாங்கித் தருகிறேன்' என்று சொல்லும் புரோக்கர் வேறொரு செத்த வண்டியின் ஆர்.சி.யைக் கொண்டுவந்து, அதற்கேற்ப சாசியில் எண்ணைக் கொத்தித் தருவார். அது குற்றம், மாட்டுவது நீங்கள்.

சாசி எண், இன்ஜின் எண் பற்றி ஏன் எல்லாரும் இவ்வளவு நோண்டுகிறார்கள்?

வண்டியின் ஜாதகமே அதுதான். பல ஜாவா, யெஸ்டிகளில் சாசி எண்ணும் இன்ஜின் எண்ணும் ஒன்றாகவே இருக்கும். இரண்டும் பொருந்தி, ஆர்.சி.யிலும் அதே எண் இருந்தால் அந்த வண்டி தன் சொந்த இன்ஜினோடு பிழைத்திருக்கிறது என்று அர்த்தம். சேகரிப்பவர்கள் இதற்குத்தான் கூடுதல் பணம் தருகிறார்கள்.

எஃப்.சி.யிலும் பெயர் மாற்றத்திலும் பென்சில் பிரிண்ட் கேட்பார்கள். மெல்லிய காகிதத்தை எண் மேல் வைத்து, பென்சில் முனையைப் படுக்கப்போட்டுத் தேய்க்க வேண்டும். எழுத்துகள் வெள்ளையாக எழும்பி வரும். புதுப்பித்த வண்டியில் இங்கேதான் கதை கந்தலாகும். பெயின்டர் பெரிய மனசு பண்ணி ஸ்டீயரிங் தலைப்பகுதியில் பட்டி தடவி, தேய்த்து, மூன்று கோட் அடித்து மொழுமொழுவென்று வைத்திருப்பார். பவுடர் கோட்டிங் என்றால் இன்னும் தடிமன். பென்சிலைத் தேய்த்தால் 3 எது, 8 எது என்று தெரியாது. ஆய்வாளர் திருப்பி அனுப்பினால் அந்த இடத்தில் பெயின்டைச் சுரண்ட வேண்டியதுதான். வண்டியைப் பெயின்டரிடம் விடும்போதே எண் மீது மாஸ்கிங் டேப் ஒட்டி, 'இங்கே பட்டி கூடாது, ஒரு மெல்லிய கோட் போதும்' என்று எழுதி ஒட்டிவிடுங்கள்.

இன்ஜின் வேறு வண்டியுடையது. சொல்ல வேண்டுமா?

சொல்ல வேண்டும், அதுவும் விளம்பரத்திலேயே. ஆர்எக்ஸ் 100 சாசியில் ஆர்எக்ஸ் 135 இன்ஜினோ, ஐந்து கியர் பெட்டியோ போட்டு ஓட்டுவது ஊரெல்லாம் நடக்கிறது. ஓட்ட சுகமாகவும் இருக்கும். அதை விரும்பி வாங்குகிறவரும் உண்டு. ஆனால் ஆர்.சி.யில் ஏறாத இன்ஜின் மாற்றம் பெயர் மாற்றத்தின்போது நிற்கும். இன்சூரன்ஸ் கோரிக்கையிலும் நிற்கும். மாற்றத்தை முறைப்படி ஆர்.சி.யில் ஏற்றிவிட்டு விற்பது நல்லது. இல்லையென்றால் உள்ளதைச் சொல்லி விலையைக் குறைத்து விற்கலாம். ஒளித்து விற்பதற்கு மட்டும் போகாதீர்கள். சிலிண்டரைப் பார்த்தே மாடல் சொல்கிற ஆட்கள் இருக்கிறார்கள். வாங்க வருகிறவர் அவர்களில் ஒருவரைக் கூட்டிக்கொண்டுதான் வருவார்.

நிறம் மாற்றியிருந்தாலும் இதே கதைதான். ஆர்.சி.யில் கறுப்பு, வண்டி மெரூன் என்றால் முதலில் ஆர்.சி.யைத் திருத்துங்கள்.

பெயின்ட் புதிதாக இருந்தால்தானே விலை கூடும்?

பத்து வருடம் முன்பு என்றால் ஆமாம் என்றிருப்பேன். இப்போது விவரம் தெரிந்தவர்கள் வேறு மாதிரி பார்க்கிறார்கள். கம்பெனியில் அடித்த பெயின்ட் மங்கியிருந்தாலும் அப்படியே இருக்கும் வண்டிக்குத் தனிக் கிராக்கி. ஒருமுறை உரித்துவிட்டால் அது திரும்ப வராது என்பது அவர்களுக்குத் தெரியும்.

உங்கள் வண்டி ஏற்கெனவே உரித்து அடித்ததுதான் என்றால் விவரங்கள் சரியாக இருக்கட்டும். பழைய ஜாவாவின் டேங்க் பக்கவாட்டில் குரோம், அதன் ஓரத்தில் கையால் இழுத்த தங்க நிறக் கோடு, முழங்கால் படும் இடத்தில் ரப்பர். அந்தக் கோட்டுக்குப் பதிலாக ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் பத்தடி தூரத்திலேயே தெரியும். பக்கப் பெட்டியை ஃபைபரில் செய்து மாட்டியிருந்தால் விரலால் தட்டிப் பார்த்ததும் சத்தம் காட்டிக்கொடுக்கும். காந்தத்தைக் கைக்குட்டையில் சுற்றி டேங்க்கின் மேல் வைத்துப் பார்க்கிறவர்களும் உண்டு. பட்டி தடிமனாக இருக்கும் இடத்தில் காந்தம் பிடிக்காது.

எது ஒரிஜினல், எது டூப்ளிகேட் என்று நீங்களே ஒரு பட்டியல் எழுதி வைத்துக் கொடுத்துவிட்டால் இந்தச் சோதனையெல்லாம் பாதியாகக் குறையும். 'ஹெட்லைட் ரிம் புதுசு, சைலன்ஸர் ஒரிஜினல் ஆனால் மறு குரோம், சீட் கவர் இங்கே தைத்தது' என்கிற மாதிரி. குறையை நீங்களே சொன்னால் அதற்குப் பேரம் குறைவாக விழுகிறது. அவர் கண்டுபிடித்தால்தான் வம்பு.

விளம்பரத்துக்கு எப்படிப் போட்டோ எடுப்பது?

காலை வெயிலில், வெறும் சுவர் முன்னால், வண்டியின் இரண்டு பக்கமும். அப்புறம் நெருக்கத்தில்: சாசி எண் (விளம்பரத்தில் கடைசி எண்களை மறைத்துவிடுங்கள்), ஸ்பீடோமீட்டர், திறந்த டேங்க்கின் உட்புறம், சைலன்ஸர் அடிப்பகுதி, கீறல் இருந்தால் அந்தக் கீறல். டேங்க் உட்புறம் முக்கியம். துரு இருக்கிறதா என்று கேட்காத ஆளே இல்லை.

புதுப்பிக்கும்போது எடுத்த போட்டோக்கள்தான் இவற்றையெல்லாம் விடப் பெரிய சொத்து. புது கிராங்க் பேரிங், ஆயில் சீல், எந்த அளவு பிஸ்டன் போட்டுச் சிலிண்டரைப் போர் செய்தது (உள்துளையைக் கடைந்து பெரிதாக்கியது), லேத் பட்டறை பில் ஆகியவை. பிஸ்டன் தலையில் பொறித்திருக்கும் ஓவர்சைஸ் எண் தெரியும்படி ஒரு படம் இருந்தால், இன்னும் எத்தனை போர் மிச்சம் என்று வாங்குகிறவர் தானே கணக்குப் போட்டுக்கொள்வார். மாடலிங் பெண்ணை வண்டியில் சாய்த்து எடுத்த படம் வேண்டாம். வண்டி தெரியாது.

வாங்க வருகிறவர் முன்னால் வண்டியைச் சூடாக வைத்திருக்கலாமா?

கூடாது. விவரமானவர் வந்ததும் செய்யும் முதல் வேலை, பேசிக்கொண்டே சிலிண்டர் செதிலில் கை வைப்பதுதான். சூடாக இருந்தால் 'காலையில் ஸ்டார்ட் ஆகாத வண்டி' என்று முடிவு கட்டிவிடுவார். குளிர்ந்த இன்ஜினை அவர் கண் முன்னால் ஸ்டார்ட் செய்யுங்கள். நாலைந்து கிக் ஆனாலும் பரவாயில்லை.

புகை வரும். டூ-ஸ்ட்ரோக் என்றால் குளிரில் வெள்ளை நீலப் புகை இயல்பு. சில நிமிடத்தில் மட்டுப்பட வேண்டும். சூடான பிறகும் கொத்துக்கொத்தாகப் புகைந்து, கியர் ஆயில் கருகும் வாடை வந்தால் கிராங்க் சீல் போயிருக்கிறது. அதை மாற்றிவிட்டு விற்பனைக்கு வையுங்கள்.

டெஸ்ட் ரைடு கொடுக்கலாமா?

கொடுக்காமல் விற்க முடியாது. லைசென்ஸைப் பார்த்து போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். அவர் வந்த வண்டியின் சாவி உங்களிடம் இருக்கட்டும். முதல் சுற்று நீங்கள் ஓட்டி அவரைப் பின்னால் உட்காரவைத்தால், வண்டியின் குணத்தை வாயாலும் சொல்லிவிடலாம்.

யெஸ்டியாக இருந்தால் இது கட்டாயம். கியர் லீவரும் கிக்கரும் ஒன்றே. லீவரை உள்ளே அழுத்தித் திருப்பினால் கிக்கர். ஸ்டார்ட் ஆனதும் பழைய இடத்துக்குத் திரும்பி கியர். க்ளட்ச் பிடிக்காமலேயே கியர் மாற்றலாம். இதெல்லாம் புதிதாக வருகிற இளைஞருக்குத் தெரியாது. கிக்கர் எங்கே என்று வண்டியைச் சுற்றிவருவார். தெரியாமல் முரட்டுத்தனமாக மிதித்து உள்ளே பல்லை உடைத்தால் நஷ்டம் உங்களுக்கு.

போர் புதிதாகப் போட்ட இன்ஜினாக இருந்து ரன்னிங்-இன் (புது இன்ஜினைப் பழக்கும் நிதான ஓட்டம்) முடியவில்லை என்றால், டெஸ்ட் ரைடு பின்சீட்டில் மட்டும்தான் என்று முன்னாலேயே சொல்லிவிடுங்கள். ஆக்சிலேட்டரை முறுக்கிப் பார்க்கும் ஆசையை யாராலும் அடக்க முடியாது. பிஸ்டன் சீஸ் ஆகி இறுகிப் பிடித்துக்கொண்டால் அந்த இடத்திலேயே விற்பனை முடிந்தது. ரன்னிங்-இன்னை நீங்களே ஓட்டி முடித்துவிட்டு விற்பது இன்னும் நல்லது. அந்த ஓட்டத்தில்தான் ஒழுகுவது ஒழுகும், கழல்வது கழலும்.

பெட்ரோல் போட்டுக் கொடுக்கும்போது என்ன சொல்ல வேண்டும்?

ஆயில் கலக்கச் சொல்ல வேண்டும். ஆர்எக்ஸ், ராஜ்தூத் 350 ஆகியவற்றில் டூ-டி ஆயிலுக்குத் தனி டேங்க்கும் பம்ப்பும் உண்டு. யெஸ்டியில் ஆயில் கிங் மாடலைத் தவிர மற்றவற்றில் பெட்ரோலோடு சேர்த்துத்தான் ஊற்ற வேண்டும், லிட்டருக்கு 30 முதல் 40 மில்லி. இதை ஒரு அட்டையில் எழுதிச் சாவியோடு கட்டிவிடுங்கள். ஃபோர்-ஸ்ட்ரோக்கில் வளர்ந்த பையன் வெறும் பெட்ரோல் அடித்துக்கொண்டு ஊருக்குக் கிளம்பினால் வழியிலேயே பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். பழி உங்கள் மேல்தான்.

எங்கே விற்பது? புரோக்கரிடம் கொடுக்கலாமா?

அவசரம் என்றால் கொடுக்கலாம். ஆனால் பழைய வண்டிப் புரோக்கருக்கு யெஸ்டியும் ஸ்பிளெண்டரும் ஒன்றுதான். 'பழைய வண்டி சார், இவ்வளவுதான் போகும்' என்பார். அந்தந்த வண்டிக்காரர்களின் குழுக்களில்தான் சரியான ஆள் கிடைப்பார். ஜாவா, யெஸ்டி ரசிகர்கள் ஜூலை இரண்டாம் ஞாயிறைத் தங்கள் நாளாகக் கொண்டாடுகிறார்கள். பல ஊர்களில் கூடுவார்கள். அங்கே 'விற்பனைக்கு' என்று அட்டை கட்டத் தேவையில்லை. நிறுத்திவிட்டுப் பக்கத்தில் நின்றால் போதும், கேட்கிறவர் கேட்பார். அங்கே சுற்றும் மெக்கானிக்குகளிடம் காதில் போட்டு வைப்பதும் பலன் தரும். வாங்க நினைப்பவர்கள் எல்லாரும் முதலில் அவர்களிடம்தான் சொல்லி வைத்திருப்பார்கள்.

பணம் வாங்குவதில் என்ன கவனிக்க வேண்டும்?

'நான் ராணுவத்தில் இருக்கிறேன், வண்டியைப் பார்க்க வர முடியாது, படத்தைப் பார்த்தே பிடித்துவிட்டது, அட்வான்ஸ் அனுப்புகிறேன், இந்த க்யூஆர் கோடை ஸ்கேன் செய்யுங்கள்' என்று ஒரு போன் கட்டாயம் வரும். பணம் வாங்குவதற்கு ஸ்கேன் செய்யவும் தேவையில்லை, பின் நம்பர் போடவும் தேவையில்லை. வைத்துவிடுங்கள். பேரம் பேசாமல் வண்டி வாங்குகிற ஆள் நம் ஊரில் கிடையாது.

டோக்கன் அட்வான்ஸ் வாங்கினால் எத்தனை நாளுக்கு என்று எழுதிக்கொள்ளுங்கள். ஒருவரிடமிருந்து ஒரு விற்பனைக்கு 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடை செய்கிறது, ராஜ்தூத்காரர்கள் கவனிக்கவும். வங்கிக் கணக்கில் வாங்கிவிட்டால் தலைவலி இல்லை. சொந்தமாக ஓட்டிய வண்டியை எப்போதாவது விற்பதில் மூலதன ஆதாய வரி வராது. வாங்கிப் புதுப்பித்து விற்பதே வழக்கமாகிவிட்டால் அது வியாபாரம், ஆடிட்டரைப் பாருங்கள்.

படிவங்களில் கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுத்தால் போதாதா? பெயரை அவரே மாற்றிக்கொள்வார்.

இதற்குத்தான் நான் நீளமாகப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. 'ஓப்பன் பேப்பர்' என்று தேதி, பெயர் எதுவும் எழுதாமல், பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30-ல் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பது இங்கே பழக்கமாகவே ஆகிவிட்டது. வாங்கினவர் இரண்டு மாதம் ஓட்டிவிட்டு இன்னொருவருக்குத் தள்ளுவார்; அவர் மூன்றாமவருக்கு. பெயர் மட்டும் உங்களுடையதாகவே இருக்கும்.

மூன்றாமவர் யாரையாவது இடித்துவிட்டால்? இப்படிப் பல கை மாறி, பெயர் மாற்றாமல் ஓடிய ஒரு வாகனத்தின் விபத்து வழக்கில், 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் உரிமையாளர். இழப்பீட்டுக்கு அவர்தான் பொறுப்பு. விற்றுவிட்டேன் என்று காகிதம் காட்டினால் போதாது.

ஆகவே, மோட்டார் வாகனச் சட்டத்தின் 50-ஆம் பிரிவு சொல்வதைச் செய்துவிடுங்கள். அதே மாநிலத்துக்குள் விற்றால் 14 நாளுக்குள் விற்றவர் தகவல் கொடுக்க வேண்டும், 30 நாளுக்குள் வாங்கியவர் கொடுக்க வேண்டும். இணையத்தில் விண்ணப்பிக்கும்போது உங்கள் போனுக்கு வரும் ஓடிபி, ஆதார் சரிபார்ப்பு எல்லாம் உங்கள் கையாலேயே நடக்கட்டும். பழைய வண்டி விற்கும்போது நான் சொல்லும் வழி: விலையில் ஒரு பகுதியை நிறுத்தி வைத்துக்கொள்கிறேன் என்று வாங்குகிறவரே கேட்பார், அதற்குச் சம்மதியுங்கள். பெயர் மாறிய ஆர்.சி. வந்ததும் மிச்சப் பணம். உங்களுக்கும் நிம்மதி, அவருக்கும் நிம்மதி.

வண்டியைக் கொடுக்கும்போது தேதியோடு மணியையும் போட்டு ஒரு டெலிவரி கடிதம் இரண்டு பிரதி எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். அவருடைய அடையாளச் சான்றின் நகல் ஒன்று. இன்சூரன்ஸையும் அவர் பெயருக்கு மாற்ற 14 நாள் அவகாசம் உண்டு. 150 முதல் 350 சிசி வரையான பைக்குக்கு மூன்றாம் நபர் பிரீமியம் 2022-ல் ஆண்டுக்கு 1,366 ரூபாய் என்று நிர்ணயித்தார்கள், ஜிஎஸ்டி தனி. இந்தச் சின்னத் தொகையை மிச்சம் பிடிக்க இன்சூரன்ஸ் இல்லாத வண்டியை டெஸ்ட் ரைடுக்குக் கொடுப்பவர்களை என்ன சொல்வது?

பெங்களூருக்காரர் கேட்கிறார். வேறு மாநிலத்துக்கு விற்கலாமா?

விற்கலாம். படிவம் 28 கொடுத்து என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று) எடுக்க வேண்டும், வெளி மாநில விற்பனைக்குத் தகவல் கொடுக்க 45 நாள் அவகாசம். அங்கே அவர் சாலை வரி கட்டி மறுபதிவு செய்துகொள்வார். என்.ஓ.சி. வாங்கியதோடு நின்றுவிடாமல், அங்கே பதிவாகிவிட்டதா என்று சில வாரம் கழித்துப் பாருங்கள். டெல்லிப் பக்கத்து ஆள் என்றால் இன்னும் யோசியுங்கள். அங்கே 15 ஆண்டு தாண்டிய பெட்ரோல் வண்டிகளுக்குக் கட்டுப்பாடு உண்டு.

வண்டியை ரயிலில் அனுப்புவது எப்படி?

பார்சல் ஆபீஸுக்கு ஆர்.சி. நகலும் அடையாள அட்டையும் கொண்டுபோக வேண்டும். டேங்க்கில் பெட்ரோல் ஒரு சொட்டு இருக்கக் கூடாது. கார்புரேட்டர் கப்பில் நிற்பதையும் வடித்துவிடுங்கள். ஸ்டேஷன் வாசலிலேயே சாக்கும் வைக்கோலும் வைத்துக் கட்டிக் கொடுக்கும் ஆட்கள் இருப்பார்கள். அவர்கள் கட்டுக்கு முன், டேங்க்குக்கும் மட்கார்டுக்கும் பழைய கம்பளியைச் சுற்றி வையுங்கள். சணல் கயிறு நேரடியாகப் பெயின்டில் உரசினால் கோடு விழும். கண்ணாடி, இண்டிகேட்டர், பேட்ஜ் ஆகியவற்றைக் கழற்றித் தனியாக அனுப்புங்கள். பணம் முழுதாக வந்த பிறகுதான் புக்கிங் என்பதைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை.

'விண்டேஜ்' என்று போட்டு விற்கலாமா?

பேச்சுக்கு எல்லாரும் போடுகிறார்கள். சட்டப்படி 2021 ஜூலையில் வந்த விதிகளின்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு தாண்டிய, சாசியும் இன்ஜினும் பெரிதாக மாற்றப்படாத வண்டிதான் விண்டேஜ். பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய், செல்லுபடி 10 ஆண்டு, அப்புறம் புதுப்பிக்க 5,000. எண்ணில் 'விஏ' என்ற எழுத்து வரும். அந்தப் பதிவுள்ள வண்டியைத் தினசரி ஓட்டக் கூடாது. கண்காட்சி, விண்டேஜ் ஊர்வலம், பெட்ரோல் போட, பழுது பார்க்க என்றுதான் ரோட்டுக்குக் கொண்டுவரலாம். விற்றால் இரு தரப்பும் 90 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். இந்தக் கணக்கில் 1960-களின் ஜாவா தேறும். முதல் ரோட்கிங்குகளுக்கு 2028 வரை பொறுக்க வேண்டும். ஆர்எக்ஸ் 100-க்கு 2035. வாங்குகிறவர் வாரக் கடைசியில் ஓட்ட நினைக்கிறவர் என்றால் சாதாரணப் பதிவே அவருக்கு வசதி.

என்னிடம் இருப்பது மண் பந்தயத்துக்காக மாற்றிய வண்டி. இதை எப்படி விற்பது?

பந்தய வண்டி என்றே சொல்லி விற்க வேண்டும். சென்னைப் பக்கம் இந்தச் சரித்திரம் நீளமானது. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1953-ல் தொடங்கியது. இரண்டாம் உலகப் போர்க் காலத்து ஓடுதளத்தில் நடந்த சோழவரம் பந்தயங்களை இன்றும் கதை கதையாகச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். 1990 முதல் இருங்காட்டுக்கோட்டையில் தனிப் பாதை. மோட்டோகிராஸுக்காகவும் ராலிக்காகவும் ஆர்எக்ஸையும், ஓசூரில் தயாரான ஷோகன் பைக்கையும் மாற்றினார்கள். விளக்கைக் கழற்றி, மட்கார்டைத் தூக்கி வைத்து, பின்பக்க ஷாக்கை உயர்த்தி, சிலிண்டர் போர்ட்டை அராவி, எக்ஸ்பான்ஷன் சேம்பர் (பந்தய வகை சைலன்ஸர்) போட்டு விடுவார்கள்.

அப்படிப்பட்ட வண்டிக்கு ஆர்.சி. உயிரோடு இருந்தாலும் அந்தக் கோலத்தில் ரோட்டில் ஓட்ட முடியாது. 'பந்தயப் பாதையில் மட்டும் பயன்படுத்தத் தக்கது' என்று விற்பனைக் கடிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள். கழற்றிய ஒரிஜினல் பாகங்கள் பரணில் கிடந்தால் அவற்றையும் சேர்த்துக் கொடுங்கள். பல நேரம் அந்த மூட்டைதான் விலையைத் தீர்மானிக்கிறது. எந்தப் பந்தயத்தில் ஓடியது என்பதற்குப் பழைய போட்டோ, நுழைவுச் சீட்டு, சான்றிதழ் எது இருந்தாலும் எடுத்து வையுங்கள். சாட்சி இல்லாத பந்தயப் பெருமை ஒரு பைசா பெறாது. ஓடிய வண்டி என்று நிரூபித்தால், அடிபட்ட டேங்க்கைக்கூட நிமிர்த்தாமல் அப்படியே வாங்குவார்கள்.

வெளிநாட்டில் மோட்டோகிராஸுக்கென்றே செய்த ஹோண்டா சிஆர், யமஹா ஒய்இசட், கவாசாகி கேஎக்ஸ் மாதிரி வண்டி என்றால் கதை வேறு. அவை பிறக்கும்போதே ஹெட்லைட் இல்லாதவை. இங்கே பதிவு கிடையாது. அப்படியானால் கேள்வி ஒன்றுதான்: சுங்க வரி கட்டி முறையாக வந்ததற்கான காகிதம் இருக்கிறதா? இருந்தால் அதன் நகலோடு விற்கலாம். இல்லையென்றால் வாங்கவும் வேண்டாம், விற்கவும் வேண்டாம்.

விற்ற பிறகு வண்டியில் ஏதாவது கோளாறு வந்தால் நான் பொறுப்பா?

'உள்ளது உள்ளபடி, பார்த்து ஓட்டித் திருப்தியாகி வாங்கிக்கொண்டேன்' என்று கடிதத்தில் ஒரு வரி இருந்தால், தெரிந்த குறை எதையும் நீங்கள் மறைக்கவில்லை என்றால், பொறுப்பு இல்லை. ஆனாலும் போன் வரும். 'அண்ணே, மழையில் நனைந்தது, ஸ்டார்ட் ஆகவில்லை' என்று. இக்னிஷன் பாயின்ட்டைச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள், பிளக்கைக் கழற்றித் துடைக்கச் சொல்லுங்கள், தெரிந்த மெக்கானிக் நம்பர் கொடுங்கள். வண்டியோடு சேர்த்து மிச்சமிருக்கும் கேபிள், கேஸ்கட், பழைய பிளக் எல்லாவற்றையும் ஒரு டப்பாவில் போட்டுக் கொடுத்துவிட்டால் இந்தப் போன்கள் குறையும். அவை உங்களிடம் இருந்து என்ன ஆகப்போகிறது? அடுத்து நீங்கள் எடுக்கப்போவது வேறு மாடலாகத்தான் இருக்கும்.